பெட்டியில் உள்ள எண்ணை நம்பாதீர்கள்: சின்னப் பிள்ளைகளின் சப்பாத்து பற்றி வாசகர் கேள்வி – பதில்

ஆண்டிறுதி விடுமுறை தொடங்கியதுமே கடைகளில் அந்தக் காட்சியும் தொடங்கிவிடும்: அம்மாவோ அப்பாவோ தரையில் மண்டியிட்டு, புதுச் சப்பாத்தின் முனையை அமுக்கிப் பிள்ளையின் பெருவிரல் எங்கே இருக்கிறது என்று தேடுவார்கள். அந்த அமுக்கலால் பெரிதாகப் பயனில்லை. ஏன் என்று கீழே சொல்லியிருக்கிறோம். வந்த கடிதங்களில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துச் சுருக்கித் தருகிறோம்.

மகளுக்கு ஒன்றே கால் வயது. பத்து நாளாகத்தான் கையைப் பிடிக்காமல் நடக்கிறாள். கணுக்கால்வரை கெட்டியாகப் பிடிக்கிற சப்பாத்து போட்டால்தான் கால் வளையாது என்கிறார் மாமியார். ஊரிலிருந்து நாத்தனார் 'கீச் கீச்' என்று சத்தம் போடுகிற சப்பாத்து வேறு அனுப்பியிருக்கிறார். எதைப் போடுவது?
– ஒரு தாயார், பொங்கோல்

வீட்டுக்குள் எதுவும் வேண்டாம். நடை பழகும் குழந்தை விரல்களால் தரையைப் பற்றித்தான் நிலைகொள்கிறது. நம் வீட்டு டைல்ஸ் தரையில் வெறுங்காலைப் போலப் பிடிப்பு கொடுப்பது வேறில்லை. வெறும் காலுறையோடு நடக்க விடுவதுதான் ஆபத்து, வழுக்கி விழுவாள்.

கால் வளைவைப் பற்றி மாமியாரிடம் இப்படிச் சொல்லுங்கள். இரண்டு வயதுவரை முழங்கால்களுக்கு நடுவே இடைவெளி விட்டுக் கால் வில் போல இருப்பது இயல்பு. மூன்று, நான்கு வயதில் அதற்கு நேர்மாறாக முழங்கால்கள் ஒன்றோடொன்று இடிக்கும். ஏழு வயது வாக்கில் பெரும்பாலும் நேராகிவிடும். கெட்டிச் சப்பாத்துக்கு இதில் எந்த வேலையும் இல்லை. ஒரு காலில் மட்டும் வளைவு இருந்தாலோ, இரண்டு வயதுக்குப் பிறகும் வளைவு கூடிக்கொண்டே போனாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சப்பாத்து தேவைப்படுவது வெளியில்தான். புளோக்குக்குக் கீழே நடக்கும்போதும், நண்பகல் வெயிலில் சுடுகிற விளையாட்டுத் திடலின் ரப்பர் தரையிலும் பாதத்துக்குப் பாதுகாப்பு வேண்டும். கடையில் சப்பாத்தைக் கையில் எடுத்து, முனையையும் குதிகாலையும் இரண்டு விரலால் பிடித்து மடக்கிப் பாருங்கள். விரல்கள் தொடங்குகிற இடத்தில் சிரமமில்லாமல் மடங்க வேண்டும். நடுப்பாதத்தில் மடங்கினாலும், மடங்கவே மறுத்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள். முன்பக்கம் அகலமாக, விரல்கள் விசிறி போல விரியும்படி இருக்கட்டும். குழந்தையின் பாதம் மேல்பக்கம் உப்பலாக இருக்கும், அதனால் நன்றாக அகலத் திறந்து வெல்க்ரோ பட்டையால் மூடுவது வசதி. காலை உள்ளே திணிக்க வேண்டியிருந்தால் விரல் மடங்கிப் போய்விடும், உங்களுக்கும் தெரியாது.

கீச்சுச் சப்பாத்து: குதிகாலில் ஒரு பிளாஸ்டிக் ஊதல் இருக்கிறது. அதற்கு இடம் கொடுக்கவே குதியைத் தடிமனாகச் செய்கிறார்கள். சத்தம் கேட்பதற்காகக் குழந்தை வேண்டுமென்றே குதியை ஓங்கி ஓங்கி மிதிக்கும். நடை பழகும் காலத்தில் இது வேண்டாத பழக்கம். ஊதல் கழன்று விழுந்தால் வாய்க்குத்தான் போகும். படம் எடுத்து நாத்தனாருக்கு அனுப்பும் அளவுக்குப் போட்டுவிட்டு எடுத்து வைத்துவிடுங்கள்.

கொலுசு போட்டிருந்தால் ஒன்று கவனியுங்கள். கணுக்காலை மூடும் சப்பாத்துக்குள் கொலுசு சிக்கினால் அதன் கண்ணிகள் தோலில் பதிந்து சிவக்கும். கணுக்காலுக்குக் கீழேயே நிற்கிற வகையை வாங்குங்கள், அல்லது வெளியே போகும்போது கொலுசைக் கழற்றிவிடுங்கள்.

நான்கு வயது மகனுக்கு ஒரு கடையில் 25 என்றார்கள், இன்னொரு கடையில் ஏழரை என்றார்கள், இணையத்தில் 15.5 என்று இருக்கிறது. எதை நம்புவது? வீட்டிலேயே அளக்க முடியுமா?
– ஒரு தந்தை, ஈசூன்

மூன்றுமே சரியாக இருக்கலாம். 25 ஐரோப்பிய எண். அதில் ஒரு படிக்கு 6.7 மில்லிமீட்டர் கூடும். ஏழரை பிரிட்டிஷ் எண். அங்கே ஒரு முழுப் படி 8.5 மி.மீ., அரைப் படி 4.2 மி.மீ. இவை இரண்டும் சப்பாத்து செய்கிற அச்சின் நீளத்தைக் குறிப்பவை. 15.5 என்பது ஜப்பானிய முறை. 15.5 செ.மீ. நீளமுள்ள பாதத்துக்கு ஏற்றது என்று பொருள். விரல் முனைக்கு வேண்டிய இடத்தைத் தயாரிப்பாளரே உள்ளே சேர்த்துவிட்டார்.

இணையத்தில் வாங்குபவர்கள் சறுக்குவது இங்கேதான். பாதத்தை ஒழுங்காக அளப்பார்கள், விரலுக்கு 1.2 செ.மீ. கூட்டுவார்கள், கூட்டி வந்த எண்ணையே ஜப்பானிய அளவாகக் கொடுத்துவிடுவார்கள். வந்து சேருவது தோணி போல இருக்கும். வேறு சில விற்பனையாளர்கள் சப்பாத்தின் 'உள் நீளம்' என்று தருவார்கள். அங்கே 1.2 செ.மீ. கூட்டித்தான் பார்க்க வேண்டும். பக்கத்தில் எழுதியிருப்பது பாத நீளமா, உள் நீளமா என்று தெரியாமல் பணம் கட்டாதீர்கள். அமெரிக்க எண் பிரிட்டிஷ் எண்ணைவிட அரையோ ஒன்றோ கூடுதலாக இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வீட்டில் அளப்பது ஐந்து நிமிட வேலை. மாலையில் அளங்கள், நாள் முழுக்க ஓடியாடிய பாதம் சற்றே உப்பியிருக்கும். ஒரு வெள்ளைத்தாளைச் சுவரோடு ஒட்டித் தரையில் வைத்து, பிள்ளையை அதன் மேல் நிற்க வையுங்கள். குதிகால் சுவரைத் தொட வேண்டும், எடை இரண்டு காலிலும் சமமாக இருக்க வேண்டும். உட்கார வைத்து அளந்தால் குறைவாகத்தான் வரும், ஏனென்றால் எடை ஏறும்போது பாதம் நீண்டு அகலமாகும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, நீளமான விரலின் முனையில் ஒரு கோடு போடுங்கள். பென்சில் உள்பக்கம் சாய்ந்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் போய்விடும். நீளமான விரல் எல்லாருக்கும் பெருவிரலாக இருப்பதில்லை. சிலருக்கு இரண்டாவது விரல் நீளம். இரண்டு பாதங்களையும் அளந்து பெரியதைக் கணக்கில் எடுங்கள். நிற்காமல் நெளிகிற பிள்ளையா? மூன்று முறை அளந்து, வந்ததில் பெரிய எண்ணை எடுங்கள்.

15.2 செ.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதோடு 1.2 கூட்டினால் 16.4, சப்பாத்துக்குள் இருக்க வேண்டிய நீளம் இது. 16.4ஐ 1.5 ஆல் பெருக்கினால் 24.6, ஆக ஐரோப்பிய எண் 25. பிரிட்டிஷ் எண் ஏழரை. ஜப்பானிய முறையில் எதையும் கூட்டாமல் 15.2க்கு அடுத்த 15.5. உங்களுக்குச் சொன்ன மூன்று எண்களும் இவைதான் என்பதால், உங்கள் மகனின் பாதம் ஏறத்தாழ இந்த நீளம்தான் இருக்கும்.

இத்தனையும் வாசல்வரை கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். ஒரே எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஒரே நிறுவனத்திலும் மாடலுக்கு மாடல் மாறும். அதனால் சப்பாத்தின் இன்சோலை, அதாவது உள்ளே பாதம் படியும் மெத்தைத் தகட்டை, வெளியே எடுத்துத் தரையில் போட்டு, அதன் மேல் பிள்ளையை நிற்க வையுங்கள். குதிகால் பின் விளிம்போடு பொருந்தி இருக்கும்போது விரலுக்கு முன்னால் 10 முதல் 12 மி.மீ. மிச்சம் தெரிய வேண்டும். பக்கவாட்டில் பாதம் இன்சோலைத் தாண்டி வழிந்தால் நீளம் சரியாக இருந்தும் அகலம் போதாது. அடுத்த பெரிய எண்ணுக்குப் போவது இதற்குத் தீர்வாகாது. அகலமான வேறு மாடலைக் கேளுங்கள்.

இன்சோல் ஒட்டியிருந்தால் தடித்த அட்டையில் ஒரு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, 16.4 செ.மீ. நீளத்தில் நறுக்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் அதைச் சப்பாத்துக்குள் விட்டுப் பாருங்கள். வளையாமல் தட்டையாகப் படிந்தால் நீளம் போதும். பிள்ளை கூட வராத நாளிலும் இதை வைத்து வாங்கலாம்.

இனி அந்தக் கட்டைவிரல் அமுக்கல். மேலே இருந்து அமுக்கியதும் பிள்ளை விரல்களை உள்ளே மடக்கிக்கொள்ளும், உங்களுக்கு முன்னால் இடம் இருப்பது போலத் தோன்றும். பள்ளிச் சப்பாத்துகளின் முனை கெட்டியாக இருப்பதால் அதில் கைக்கு எதுவும் தட்டுப்படவே செய்யாது. 'கடிக்கிறதா கண்ணா?' என்று கேட்பதும் வீண். சின்னப் பாதத்தில் கொழுப்பும் குருத்தெலும்பும் அதிகம். இறுக்கமான சப்பாத்துக்கும் வலிக்காமல் வளைந்து கொடுக்கும். தவிர, மின்னுகிற சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நிற்கிற பிள்ளை உண்மையைச் சொல்லாது.

வளர்கிற பிள்ளைகள். இரண்டு அளவு பெரிதாக வாங்கி முன்னால் பஞ்சு வைத்தால் ஒரு வருடம் ஓடுமே! எங்கள் காலத்தில் அப்படித்தான் வாங்கினோம். மருமகள் கேட்க மாட்டேன் என்கிறாள்.
– ஒரு பாட்டி, தோ பாயோ

அம்மா, இந்த விஷயத்தில் நாங்கள் உங்கள் மருமகள் பக்கம்.

பெரிய சப்பாத்தில் குதிகால் நிற்காது. ஒவ்வோர் அடிக்கும் பாதம் முன்னால் வழுக்கிப் போய் முனையில் இடிக்கும். இடம் விட்டு வாங்கியும் விரல்தான் அடி வாங்கும். கழன்று போகாமலிருக்கப் பிள்ளை விரல்களால் கவ்விக்கொண்டே நடக்கும். சப்பாத்து மடங்குகிற இடமும் பாதம் மடங்குகிற இடமும் ஒன்றாக இராது. படிக்கட்டில் முனை தட்டி விழும். முன்னால் வைக்கும் பஞ்சு குதிகாலைப் பிடிக்காது, விரலுக்கு விட்ட இடத்தைத்தான் அடைக்கும்.

மூன்று வயதுக்குள் பாதம் மாதத்துக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் வளரும், அதன் பிறகு சுமார் ஒரு மில்லிமீட்டர். 12 மி.மீ. இடம் விட்டு வாங்கினால் அது 5 மி.மீ. ஆகச் சுருங்க சின்னக் குழந்தைக்கு நான்கைந்து மாதம் ஆகும், கொஞ்சம் பெரிய பிள்ளைக்கு ஆறேழு மாதம் ஆகும். 5 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்றிவிட வேண்டும். மூன்று வயதுவரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அளங்கள். ஐந்து வயதுவரை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும்.

செலவு உறுத்தத்தான் செய்யும். எங்கள் யோசனை: விலை உயர்ந்த ஒரு ஜோடியை ஒரு வருடம் இழுப்பதைவிட, நடுத்தர விலையில் சரியான அளவில் வருடத்துக்கு இரண்டு ஜோடி வாங்குங்கள். பெரியவர்களின் ஓட்டச் சப்பாத்தில் இருக்கும் காற்றுப் பை, ஜெல் போன்றவற்றுக்குக் கொடுக்கும் பணம் நான்கு வயதுப் பிள்ளைக்கு வீண்.

நான்கு வயது மகனுக்கு உள்ளங்கால் தட்டையாக இருக்கிறது. வளைவுக்கு முட்டுக் கொடுக்கும் இன்சோல் போட வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள். விலை அதிகம். இப்போது விட்டுவிட்டால் பிறகு தேசிய சேவையில், அந்தக் கட்டாய ராணுவப் பயிற்சிக் காலத்தில் கஷ்டப்படுவானோ?
– ஒரு தாயார், ஜூரோங் வெஸ்ட்

தேசிய சேவைக்கு இன்னும் பதினான்கு ஆண்டு இருக்கிறது! முதலில் இதைச் செய்து பாருங்கள். அலமாரியில் உயரமாக ஒரு பொம்மையை வைத்து, அவனை நுனிக்காலில் எட்டி எடுக்கச் சொல்லிப் பின்னால் நின்று கவனியுங்கள். நிற்கும்போது காணாமல் போன வளைவு நுனிக்காலில் எழும்பித் தெரிந்தால், அல்லது நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போடும்போது தெரிந்தால், அது நெகிழ்வான தட்டைப் பாதம். இந்த வயதில் மிகச் சாதாரணம். உள்ளங்காலின் உள்பக்கத்தில் கொழுப்புத் திட்டு இருக்கிறது, தசைநார்களும் இன்னும் தளர்வாக இருக்கின்றன. வளைவு ஆறேழு வயதுக்கு மேலும் உருவாகிக்கொண்டே இருக்கும்.

இன்சோல் வளைவை உண்டாக்குமா? அமெரிக்காவில் 1 முதல் 6 வயதுவரையான தட்டைப் பாதப் பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்து, சிலருக்குத் திருத்தச் சப்பாத்தும் சிலருக்கு அச்செடுத்துச் செய்த இன்சோலும் கொடுத்து, ஒரு குழுவுக்கு எதுவும் கொடுக்காமல் குறைந்தது மூன்று ஆண்டு கவனித்தார்கள். 1989இல் முடிவு வெளியானது. எல்லாக் குழுவிலும் பாதம் ஒரே மாதிரிதான் தேறியிருந்தது. இன்னோர் ஆய்வு நமக்குப் பக்கத்து நிலத்தில் நடந்தது. கர்நாடகத்தின் மணிப்பாலைச் சேர்ந்த எலும்பு மருத்துவர்கள் 4 முதல் 13 வயதுவரை 2,300 பிள்ளைகளின் பாதச் சுவடுகளை எடுத்து 1992இல் வெளியிட்டார்கள். காலணி அணிந்து பழகியவர்களில் 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப் பாதம், அணியாதவர்களில் 2.8 விழுக்காடு. அதிலும் முனை மூடிய சப்பாத்து அணிபவர்களிடம்தான் மிக அதிகம். அதற்காகச் சப்பாத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிட்டு, வெறுங்காலில் ஓடவும் மணலிலும் புல்லிலும் விளையாடவும் விடுங்கள். காசு கேட்காத மருந்து.

வலி இல்லையென்றால் இன்சோல் தேவையில்லை. வலிக்கிறது, சீக்கிரம் களைத்துத் தூக்கச் சொல்கிறான் என்றால் நிலைமை வேறு. அப்போது இன்சோல் வலியைக் குறைக்கக்கூடும், ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் கடைக்காரர் அல்ல. நுனிக்காலில் நின்றாலும் வளைவு வராமல் பாதம் விறைப்பாக இருப்பது, ஒரு காலில் மட்டும் தட்டை, நொண்டுதல், வீக்கம், மூன்று வயதுக்குப் பிறகும் எப்போதும் நுனிக்காலிலேயே நடப்பது ஆகியவற்றில் எது இருந்தாலும் பலதுறை மருந்தகத்தில் காட்டுங்கள். அங்கிருந்து எழுதித் தந்தால் மருத்துவமனையில் சிறப்பு மருத்துவரை மானியக் கட்டணத்தில் பார்க்கலாம்.

இதே போல் 'பாதத்தை உள்பக்கம் திருப்பி நடக்கிறாள்' என்றும் மூன்று கடிதங்கள். அந்தத் திருகல் பெரும்பாலும் கெண்டைக்கால் எலும்பிலோ தொடை எலும்பிலோ இருக்கிறது, பாதத்தில் அல்ல. முன்னது நான்கைந்து வயதுக்குள்ளும் பின்னது எட்டு முதல் பத்து வயதுக்குள்ளும் பொதுவாகத் தானே சரியாகும். இடது வலது மாற்றிப் போட்டு நடக்கவிடும் பழைய வைத்தியம் வேண்டாம், விரல்தான் நசுங்கும்.

ஆறு மாதம் முன்பு தள்ளுபடியில் வாங்கிய மூத்தவனின் சப்பாத்தும், அவன் இரண்டே முறை போட்ட பழைய ஜோடியும் தம்பிக்காகப் பெட்டியில் வைத்திருந்தேன். பழைய ஜோடியை மூன்று வருடம் கழித்து எடுத்தால் சோல் கேக் போல உதிர்கிறது. போலிச் சரக்கா?
– ஒரு வாசகி, தெம்பனிஸ்

போலியாக இருக்க வேண்டியதில்லை. அந்தச் சோல் பாலியூரித்தேன் நுரையாக இருந்திருக்கும். காற்றிலுள்ள ஈரம் மெல்ல மெல்ல அந்தப் பொருளின் பிணைப்புகளை அறுக்கும், நீராற்பகுப்பு என்பார்கள். சிங்கப்பூரின் வெக்கையும் ஈரமும் அதற்கு விருந்து. பத்திரமாகப் பூட்டி வைத்தது தவறாகிவிட்டது: போட்டு நடக்கிற சப்பாத்தில் அழுத்தம் ஈரத்தை வெளியே தள்ளும், பெட்டியில் அடைத்ததில் ஈரம் அப்படியே தங்கும். ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் போட்டால் தாமதமாகும், நிற்காது.

எனவே அடுத்த வருடத்துக்கு என்று இப்போதே வாங்கி வைப்பது இந்த ஊரில் லாபமில்லை. ஆறு மாதச் சப்பாத்து நன்றாகவே இருக்கும், தம்பிக்கு அளவு வந்தால் உடனே போடுங்கள். வைத்திருந்த எந்த ஜோடியையும் கொடுப்பதற்கு முன் சோலைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். பள்ளம் அப்படியே நின்றாலோ பிசுபிசுத்தாலோ குப்பைக்குத்தான். இவிஏ நுரையால் ஆன இலேசான காலணிகளுக்கு இந்த நோய் இல்லை, ஆனால் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டால் ஓர் அளவு சுருங்கிவிடும். பிள்ளை வளர்ந்துவிட்டதாக நினைப்பீர்கள்.

அண்ணன் தினமும் போட்டுத் தேய்த்ததைத் தம்பிக்குக் கொடுப்பது பற்றி: இன்சோலில் அண்ணனின் விரல் பள்ளங்கள் பதிந்திருந்தால், அல்லது மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பார்க்கும்போது குதி ஒருபக்கம் சாய்ந்திருந்தால் வேண்டாம். தீபாவளிக்கு ஒருநாள் போட்டது, மழைக்காலப் பூட்ஸ் போன்றவை தாராளமாகப் போடலாம்.

ஜனவரியில் மகள் தொடக்கநிலை 1 போகிறாள். வெல்க்ரோவா, கயிறா? எப்போது வாங்குவது?
– ஒரு தந்தை, செங்காங்

கடைக்கு முன்னால் பள்ளியின் இணையத்தளம். முழு வெள்ளை மட்டும் என்கிற பள்ளியும் உண்டு, கறுப்பை அனுமதிக்கும் பள்ளியும் உண்டு. வண்ணச் சின்னமோ வண்ணச் சோலோ கூடாது என்றும் சில இடங்களில் சொல்வார்கள்.

டிசம்பர் நடுவில் வாங்குங்கள். அதற்கு முன் வாங்கினால் வளர்ச்சி ஒரு பங்கைத் தின்றுவிடும், கடைசி வாரத்தில் போனால் அளவு கிடைக்காது. பாட்டா இங்கே 1931இலிருந்து இருக்கிறது; அங்கும் பேட்டைக் கடைகளிலும் பள்ளி வகைகள் ஏராளம். பள்ளிக் காலுறையைப் போட்டுக்கொண்டே பாருங்கள். வாங்கியபின் ஒரு வாரம் வீட்டில் அரை மணி நேரம் போட்டு நடக்கவிட்டால் முதல் நாள் குதியில் கொப்புளம் வராது.

ஏழு வயதில் வெல்க்ரோ தவறே இல்லை. பட்டையின் நுனி எதிர்ப்பட்டையை முழுதாகப் பற்ற வேண்டும். பாதியில் நின்றால் சப்பாத்தின் உயரம் பாதத்துக்குப் போதவில்லை என்று பொருள். கொக்கிப் பக்கத்தில் சேரும் நூலையும் முடியையும் பழைய பல்துலக்கியால் வாரி எடுத்தால் பிடிப்பு திரும்பும்.

கயிறு கட்டிப் பழக்க வீட்டில் நேரம் இருக்கிறது. அடிக்கடி அவிழ்கிறதா? கட்டிய பூவைப் பாருங்கள். இரண்டு காதுகளும் சப்பாத்துக்குக் குறுக்கே இடமும் வலமுமாகக் கிடந்தால் முடிச்சு சரி. ஒரு காது விரல் பக்கமும் மற்றது கணுக்கால் பக்கமும் திரும்பி நின்றால் முடிச்சு தப்பு. இழுக்க இழுக்கத் தளரும். முதல் குறுக்குப் பின்னலை மட்டும் எதிர்த்திசையில் போடச் சொல்லுங்கள், மீதி எல்லாம் பழையபடி. உருண்டைக் கயிற்றைவிடத் தட்டைக் கயிறு நன்றாக நிற்கும்.

துளை போட்ட ரப்பர் காலணிதான் மகனுக்குப் பிடிக்கும். எம்ஆர்டி ரயில் நிலைய மின்படிக்கட்டில் ஆபத்து என்கிறார்களே?
– ஒரு தாயார், அங் மோ கியோ

உண்மைதான். மென்மையான ரப்பர் மின்படிக்கட்டின் பக்கச் சுவரில் உரசும்போது வழுக்காமல் ஒட்டிக்கொள்ளும். படி நகரும், காலணி நகராது. இடுக்கு அதை உள்ளே இழுத்துவிடும். 2008இல் ஜப்பானிய அரசாங்கம் தயாரிப்பாளரிடம் வடிவமைப்பை மாற்றச் சொன்னதே இந்த விபத்துகளால்தான். நீச்சல் குளத்துக்கும் கீழே கடைக்கும் அது போதும். எம்ஆர்டி போகும் நாளில் குதிப் பட்டையைப் பின்னால் மாட்டியிருந்தாலும் மின்தூக்கியில் ஏறுங்கள். மின்படிக்கட்டில்தான் போக வேண்டுமென்றால் படியின் நடுவில், மஞ்சள் கோட்டுக்குள் நிற்க வைத்துக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இறங்கும் இடத்தில் காலைத் தேய்க்காமல் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். மேலும் கீழும் சிவப்பு நிறுத்து பொத்தான் இருக்கும். அது எங்கே என்று ஏறும்போதே ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

மழையில் நனைந்த வெள்ளைச் சப்பாத்து மறுநாள் காயவில்லை, நாற்றம், மஞ்சள் கறை. என்ன செய்ய?
– ஒரு வாசகர், உட்லண்ட்ஸ்

வந்தவுடன் இன்சோலையும் கயிற்றையும் உருவிவிடுங்கள். பாதி ஈரம் அங்கேதான். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து ஒரு மணி நேரத்தில் மாற்றுங்கள், பிறகு இன்னொரு முறை. அதன்பின் மின்விசிறிக்கு முன்னால் வாய் பார்த்தபடி சாய்த்து வையுங்கள். முடி உலர்த்தி, துணி உலர்த்தி இரண்டும் வேண்டாம், பசை விட்டுச் சோல் வாயைப் பிளக்கும்.

மஞ்சள் கறை பெரும்பாலும் சோப்பின் மிச்சம். துணி காயும்போது தண்ணீர் வெளிப்பக்கம் வந்து ஆவியாகும். கூடவே வந்த சோப்பும் அழுக்கும் அங்கேயே தங்கிவிடும். நுரை அடியோடு போகும்வரை அலசி, ஈரச் சப்பாத்தின் மேல் வெள்ளை டிஷ்யூ தாளை ஒட்டினாற்போல் சுற்றி நிழலில் காயவிடுங்கள். கறை தாளில் இறங்கிவிடும், தாளை உரித்து எறியலாம். குளோரின் வெளுப்பான் ரப்பர் பகுதியை மேலும் மஞ்சளாக்கும்.

நாற்றம் வியர்வையைத் தின்னும் கிருமிகளால் வருகிறது. இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போட்டால் ஒவ்வொன்றும் ஒருநாள் முழுக்கக் காயும். இரவில் ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா தூவிக் காலையில் தட்டிவிடுங்கள். புத்தகப் பையில் ஒரு ஜோடி காலுறை எப்போதும் இருக்கட்டும். மழைப் பூட்ஸைத் தாழ்வாரத்தில் நிமிர்த்தி வைக்காதீர்கள். சாரல் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும்.

விளக்கு மின்னும் சப்பாத்து பாதுகாப்பானதா?
– ஒரு தாயார், பிடோக்

சோல் முழுதாக இருக்கும்வரை பரவாயில்லை. சோல் பிளந்தால் அன்றே குப்பையில் போடுங்கள். உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும். விழுங்கியிருப்பான் என்ற சந்தேகம் வந்தாலே உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால் கழற்றி மாட்டவே நேரம் போகிறது. மூன்று வயதுப் பிள்ளைக்குச் சிலிப்பர் போதாதா? தானே போட்டால் எப்போதும் இடது வலது மாறிவிடுகிறது.
– ஒரு தாயார், சுவா சூ காங்

வாசல்வரை சிலிப்பர் போதும். தொலைவு நடக்க வேண்டுமென்றால் குதிப் பட்டையுள்ள சாண்டல் நல்லது, ஏனென்றால் பட்டையில்லாத சிலிப்பரை மூன்று வயதுப் பிள்ளை விரலால் கவ்வியே நடக்கும். மதியப் பூசைக்குப் போனால் வெளிப்பிராகாரத் தரை சுடும், தூக்கிக்கொள்ளுங்கள். இடது வலதுக்கு, பிள்ளைக்குப் பிடித்த படம் உள்ள ஒட்டுத்தாளை நடுவே வெட்டி, ஒரு பாதியை இடது சாண்டலின் உள்ளே அதன் வலது விளிம்பிலும் மறு பாதியை வலதில் இடது விளிம்பிலும் ஒட்டுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது யானை முழுதாகத் தெரிந்தால் போட்டுக்கொள்ளலாம். தும்பிக்கை வெளிப்பக்கம் போனால் மாற்றி வைக்க வேண்டும். மேலே டேப் ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஒரு வாரத்தில் யானை தேய்ந்துவிடும்.